புதுசா பழசா

என் மனைவி இத்சுயோ திரையைத் திட்டாமல் ஒருநாளும் வேலை செய்ததில்லை. படகுக்குப் பின்னால் கேபிளில் கட்டி இழுத்துச் செல்லும் சோனாரை எங்கள் தொழிலில் மீன் என்றுதான் சொல்வோம். ஆளுயர உலோகக் குழாய், வால் பக்கத்தில் துடுப்புகள். அது கடலடியில் இரண்டு பக்கமும் ஒலியை வீசும். திரும்பி வரும் எதிரொலி திரையில் ஒவ்வொரு கோடாக இறங்கித் தரையின் படமாகும். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நேராக ஓட்ட வேண்டும். அவள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, "காட்டு, காட்டித் தொலை, கழுதை, மணலையே எத்தனை நேரம் காட்டுவ?" என்பாள். அந்தத் திட்டு சோனாருக்கா எனக்கா என்று பல சமயம் தெரியாது.

ஹாயேசாகி துறையில் இருந்த ஒரே அளவைப் படகு எங்களுடையது. துறைச் சுவர்களின் அடியில் அலை அரித்திருக்கிறதா என்று பார்ப்பது, மீன் பெருக அரசு கடலில் இறக்கிய கான்கிரீட் கூடுகள் கவிழாமல் நிற்கின்றனவா என்று பார்ப்பது, அறுந்துபோன நங்கூரங்களைத் தேடுவது, இவைதான் எங்கள் பிழைப்பு. அலுப்பான வேலை. உழுவதைப் போல, போன வழிக்குப் பக்கத்திலேயே திரும்பி வரவேண்டும். படகு கொஞ்சம் கோணினாலும் படத்தில் தரை வளைந்துவிடும்.

"குடிச்சிட்டா ஓட்டுறீங்க?"

"காத்து தள்ளுது இத்சு."

"காத்து எனக்கும்தான் அடிக்குது. நான் என்ன கோணலாவா உக்காந்திருக்கேன்?"

அவள் பார்ப்பது பொருளை அல்ல, நிழலை. கடலடியில் கிடக்கும் எதுவும் திரையில் வெறும் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் ஒலி எட்டாத இடம் கறுப்பாக நீண்டு விழும். அந்தக் கறுப்பின் வடிவத்தை வைத்து டயர், பீப்பாய், பாறை என்று சொல்லிவிடுவாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைசிவரை அப்படித்தான் இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள். துறையில் எல்லோரும் யசுகேயின் படகைக் கண்டுபிடித்தவள் என்று அவளைப் பற்றிச் சொன்னார்கள். அவள் காதில் விழுந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

யசுகே தனியாளாகத் தூண்டில் போடுகிறவர். ஒரு வசந்தகாலக் காலையில், மூடுபனிக்குள் போனவர் திரும்பவில்லை. அன்று அவருக்கு மிக அருகில் இருந்தவர் தொகுமாரு அண்ணன். பனிக்குள் யசுகேயின் எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். சட்டென்று நின்றதாம். கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சத்தம் வந்த இடத்துக்குப் போனபோது, தண்ணீரின் மேல் எண்ணெய் கொப்பளித்து வந்துகொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் கூடை மிதந்தது. தொகுமாரு தன் ஜிபிஎஸ் மெஷினில் பொத்தானை அழுத்தி அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தார்.

துறையே கிளம்பியது. எங்கள் பக்கத்தில் ஒருவர் காணாமல் போனால் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். எல்லாப் படகும் தேடும். மிதப்பவரைத் தேடி நீரோட்டத்தோடு ஒரு கூட்டம் போனது, தொகுமாருவும் அதில்தான் போனார். மீதிப் பேர், நாங்கள் கடலடியைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்ததும் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு படகிலும் மீன் கூட்டம் காட்டும் எக்கோ மெஷின் உண்டு. அதுவும் ஒலியை இறக்கித்தான் வேலை செய்யும். அத்தனை படகின் ஒலியும் எங்கள் திரைக்குள் வந்து விழுந்தது. படம் முழுக்கக் கோடு கோடாகக் கிறுக்கல்.

இத்சுயோ வயர்லெஸ்ஸைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் எக்கோவை நிறுத்துங்க! என் திரையில ஒரு மண்ணும் தெரியல!"

"நிறுத்திட்டு எப்படிம்மா தேடறது? தலையை விட்டுப் பாக்கவா?"

"உங்க தலைய விட்டா எங்க முழுகப்போகுது? உள்ள காத்துதான, நல்லா மிதக்கும்."

அந்த நேரத்திலும் வயர்லெஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் நிறுத்தவில்லை. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் போட்டுவிடுவார். உதவி செய்யத் துடிப்பவர்களை என்ன செய்வது? மாலையில் அவள் மீனவர் சங்கத்துக்குப் போய்த் தலைவர் ஓகுபோவின் முன்னால் நின்றாள்.

"தலைவரே, யசுகேயோட படகு வேணும்னா எல்லாப் படகையும் துறையில கட்டுங்க. நான் மட்டும் போறேன்."

ஓகுபோ யோசித்தார். கடல் பிரீம் மீன் முட்டையிடக் கரைப்பக்கம் வரும் பருவம். வருஷத்தின் பாதி வருமானம் அந்தச் சில வாரங்களில்தான். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் போகமாட்டாங்க. அதுக்கு மேல என்னால பிடிச்சுவைக்க முடியாதும்மா. திங்கக்கிழமை எல்லாரும் வலையும் தூண்டிலுமா வந்துடுவாங்க. அப்புறம் நீ கேபிளை இழுத்துட்டுப் போக முடியாது."

அப்படித்தான் எல்லாப் படகும் துறையில் கட்டப்பட்டன. தொகுமாருவின் படகும்.

அவர் மறுநாள் காலை எங்களிடம் வந்தார். "ஏம்மா, நான் முன்னால போறேன், நீ பின்னாலயே வா. எண்ணெய் வந்த எடத்தக் கையால காட்டிடறேன்."

"வேண்டாம் அண்ணே. நீங்க வந்தா இன்னும் நாலு பேர் கிளம்புவாங்க. நம்பரை மட்டும் சொல்லுங்க."

அவர் தன் படகின் அறைக்குள் நின்று எண்களைக் கத்திச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டு, ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, புதுசா, பழசா?"

"புதுசு, புதுசு!"

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பூமியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு இடத்துக்கு எண் கொடுக்கும் கணக்கை எங்கள் நாடு சில வருஷங்களுக்கு முன்னால் மாற்றியிருந்தது. பழைய கணக்கின் எண்ணைப் புதுக் கணக்கில் போட்டால் நானூறு மீட்டருக்கு மேல் தென்கிழக்கே தள்ளிப்போய் விழும். ஆனால் மீனவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த ரகசிய இடங்கள் பழைய எண்களில்தான் இருந்தன. அதனால் பலர் மெஷினைப் பழைய கணக்கிலேயே விட்டுவைத்திருந்தார்கள். இத்சுயோவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். பதிலும் வந்துவிட்டது. நாங்கள் போனோம்.

அந்த வாரம் முழுக்கக் காத்திருப்புதான். அங்கே நீரோட்டம் ஆறு மாதிரி ஓடும். ஓதம் ஏறி நின்று இறங்கத் தொடங்கும் சிறிது நேரத்தில் மட்டும்தான் மீனைத் தரைக்குப் பக்கத்தில் இழுக்க முடியும். மீதி நேரமெல்லாம் நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும். அவள் உப்பில் ஊறிய பிளம் வைத்த சோற்றுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே இருப்பாள். ஓட்டம் தணிந்ததும் எழுவாள். கேபிளை இறக்குவோம். ஒரு வரி நேராகப் போய் முடிப்பதற்குள் மறுபடி ஓட்டம் பிடித்துவிடும்.

சொன்ன இடத்தில் மணல்தான் இருந்தது. மணலில் அலை விட்டுப்போன சுருக்கம், எங்கோ அறுந்த கயிறு, ஒரு லாரி டயர். பிறகு ஒரு நீளமான கறுப்பு நிழல் வந்தது. அவள் எழுந்து நின்றாள். நான் எஞ்சினைத் தணித்தேன். அவள் திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

"கான்கிரீட் கூடு. நம்மளே போன வருஷம் அளந்ததுதான். எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு நெனச்சேன்."

முழுகும் படகை ஓட்டம் தெற்கே தள்ளியிருக்கும் என்று கணக்குப் போட்டுத் தெற்கே போனோம். இன்னும் தெற்கே போனோம். வடக்கே ஒரு பாறை மேடு. அதன் மேல் இழுத்தால் மீன் முட்டி உடைந்துவிடும். காரணமில்லாமல் அங்கே யாரும் போகமாட்டார்கள். எங்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

மாலையில் துறைக்கு வரும்போதெல்லாம் யசுகேயின் மனைவி ஃபுமியே சுவரோரம் நிற்பாள். முதல் நாட்களில் அழுதாள். பிறகு அழவில்லை. ஒருநாள் அவள் இத்சுயோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் வீட்ல அவருக்குத் தெனம் தட்டு வைக்கிறேன். வெளியூர் போனவங்களுக்கு வைக்கிற மாதிரி. இன்னிக்குக் கிண்ணத்து மூடியத் தெறந்தா உள்ள தண்ணி முத்து முத்தா இருந்துச்சு."

மூடியில் நீர்த்துளி இருந்தால் போனவர் உயிரோடு இருக்கிறார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சுடுசோற்றை மூடிவைத்தால் துளி நிற்கத்தான் செய்யும். இத்சுயோ அதைச் சொல்லவில்லை.

"மாமியார், செத்தவங்களுக்கு வைக்கிற மாதிரி சோத்துல சாப்புடுற குச்சிய நட்டு வைங்கறாங்க. நான் எத வைக்கிறது? ரெண்டையும் வைக்க முடியாதுல்ல? நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க அக்கா. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

இத்சுயோ வீட்டு வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றி எறிந்தாள். "எண்ணெய் வந்த எடத்துல படகு இல்லன்னா அந்தத் தொகுமாரு பொய் சொல்றான். நெசமா எண்ணெய் வந்தது அவனோட ரகசிய எடமா இருக்கும். அதக் காட்டிக்கொடுக்க மனசு வரல. ஒரு மனுஷன் செத்துக்கெடக்கறான், இவனுக்கு மீன் முக்கியம்!"

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கடைசித் தேடலும் வீணானது. துறையில் மற்றவர்கள் மறுநாளுக்காகப் பனிக்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அவள் நேரே தொகுமாருவின் படகுக்குப் போனாள். எங்கள் பழைய ஆட்கள் தம் படகில் பெண் ஏறினால் படகின் தெய்வத்துக்குப் பொறாமை வரும் என்பார்கள். தொகுமாரு வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"அங்கயே நில்லும்மா. படகுல ஏறாத."

"ஏறுவேன். உங்க சாமிக்கு என்னப் பாத்துப் பொறாமை வருதுன்னா அதுக்குக் கண்ணு சரியில்லன்னு அர்த்தம். பொய் சொன்ன ஆளோட படகுல நல்லா ஏறுவேன்."

"யாரப் பொய்யன்ற?"

"வாரம் பூரா மணலப் பாத்தேன். மணல்! உங்க எடத்த மறைக்கத்தான வேற நம்பரக் குடுத்தீங்க?"

தொகுமாருவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நானும் யசுகேயும் ஒரே பெஞ்சுல படிச்சவங்க! வா! வந்து பாரு! உன் கண்ணால பாரு!" என்று அவளைக் கையைப் பிடித்துத் தூக்காத குறையாகப் படகின் அறைக்குள் இழுத்துப்போனார். மெஷினைப் போட்டார். திரையின் மேல் கடையில் ஒட்டிய பாலித்தீன் இன்னும் பிரிக்காமல் இருந்தது.

குறித்த இடம் திரையில் வந்தது. அவர் கொடுத்த அதே எண்கள். ஆனால் இத்சுயோ அதைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் படகு இப்போது நிற்கும் இடத்தின் எண் மின்னிக்கொண்டிருந்தது. அந்தத் துறைச் சுவரை அடிக்கடி அளந்தவள் அவள். அதன் எண் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"அண்ணே, இது பழைய கணக்கு."

"பழசா? போன மாசம்தாம்மா வாங்கினேன்! பாரு, கவரு கூடப் பிரிக்கல!"

"நான் கேட்டப்போ புதுசுன்னீங்களே."

"புதுசுதான்! மெஷினு புதுசான்னுதான கேட்ட?"

இத்சுயோ அந்த மூலையில் மின்னிய எண்ணின் மேல் விரலை வைத்தாள். பிறகு தொகுமாரு மெதுவாகச் சொன்னார். "என் பழைய எடமெல்லாம் மாறிடக் கூடாதுன்னு கடைக்காரன்ட்ட பழைய மாதிரியே வச்சுக் குடுன்னு சொன்னேன்..."

இத்சுயோ கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, திட்டிக்கொண்டிருந்தாள். அவரை அல்ல. முன்னால் போய்க் காட்டட்டுமா என்று கேட்ட ஒரே மனிதரை அவள்தான் வேண்டாம் என்றாள். அவரைத் துறையில் கட்டிப்போடச் சொன்னதும் அவள்தான். எண்ணெய் வந்த இடம் அந்தப் பாறை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

திங்கட்கிழமை விடியும்போது எல்லாப் படகும் கிளம்பின. நாங்களும் கிளம்பினோம். ஃபுமியேவும் எங்கள் படகில் ஏறிக்கொண்டாள். இத்சுயோ தேடும்போது காணாமல் போனவரின் குடும்பத்தாரைப் படகில் ஏற்றியதே இல்லை. அன்று நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். தொகுமாரு எங்களுக்கு முன்னால் போய், இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, நெருங்கும் படகுகளையெல்லாம் விரட்டினார். அதனால் அவருடைய ரகசிய இடம் ஊருக்கே தெரிந்துபோனது. "ஓஹோ, அண்ணனுக்கு அந்தப் பெரிய மீனெல்லாம் இங்கதான் கெடச்சுதா?" என்று வயர்லெஸ்ஸில் எவனோ கேட்டான். "வாய மூடுறா" என்றார்.

முதல் வரியிலேயே வந்தது. எழுபது மீட்டர் ஆழத்தில், மணலில் நேராக உட்கார்ந்திருந்தது. நிழலில் முனை தெரிந்தது, அறை தெரிந்தது, கொடிக்கம்பம்கூட மெல்லிய கோடாகத் தெரிந்தது. அதை எனக்கும் அடையாளம் தெரிந்தது. அந்த ஒன்றுதான்.

ஃபுமியே திரையைத் தொட்டாள். "உள்ள இருக்காரா?"

"இதுல அது தெரியாதும்மா."

"இவ்வளவு தெரியுதே அக்கா, கம்பம் தெரியுது, மனுஷன் தெரியாதா?"

"அறைக்குள்ள சத்தம் போகாது. வெளியதான் தெரியும்."

ஓகுபோ வயர்லெஸ்ஸில் வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் துறை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. "கெடச்சிடுச்சுல்ல? அவர் உள்ளதான் இருப்பார்னு சொல்லிடும்மா. அந்தப் பொண்ணுக்கும் ஒரு நிம்மதி. சடங்கச் செஞ்சுடலாம்."

"தெரியாததச் சொல்லமாட்டேன் தலைவரே."

"நீ சொன்னா என்ன கொறஞ்சுபோகும்?"

"அப்ப நீங்களே சொல்லுங்க. நான் பாத்தது படகு. படகுன்னு மட்டும் சொல்றேன்."

அவ்வளவு ஆழத்துக்கு எங்கள் பக்கத்து முக்குளிப்பவர்கள் இறங்கமாட்டார்கள். கேமரா பொருத்திய இயந்திரத்தை வேறு ஊரிலிருந்து கொண்டுவர வேண்டும். அது வரவில்லை. வந்தபோது காற்று. காற்று நின்றபோது அதன் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசியாக இறக்கியபோது கோடைகாலம் வந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் படகின் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. தண்ணீர்ப் புட்டி ஒன்று கூரையில் முட்டிக்கொண்டு நின்றது.

ஓகுபோ தொப்பியைக் கழற்றினார். ஃபுமியே அழவில்லை. இத்சுயோவைப் பார்த்து, "அப்ப வெளியதான இருப்பார்? வெளிய இருந்தா உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள்.

மனிதன் மிகச் சிறியவன் என்றும், நாட்கள் ஆகிவிட்டன என்றும், திரையில் எதுவும் தெரியாது என்றும் இத்சுயோவுக்குத் தெரியும். தெரியாததைச் சொல்லமாட்டேன் என்றவள், தெரிந்ததையும் அன்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றாள்.

அந்தப் "பாக்கலாம்" அவளை விடவில்லை. அதன் பிறகு எந்த வேலைக்குப் போனாலும், திரும்பும் வழியில் அந்தப் பக்கம் படகை விடச் சொல்வாள். ஓட்டம் தணிந்திருந்தால் மீனை இறக்குவாள். ஃபுமியே கூட வரத் தொடங்கினாள், பிறகு வழக்கமாகிவிட்டது. இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் தோளோடு தோள் உட்கார்ந்து திரையைத் திட்டுவார்கள். கேபிளில் மாட்டிக்கொண்டு ஒரு பூட்ஸ் வந்தது. அவருடையது இல்லை. ஒருமுறை ஆள் படுத்திருப்பதைப் போன்ற நிழல். அந்த வெளியூர்க் கேமராவை மறுபடி வரவழைத்து இறக்கினால் மரக்கட்டை. இத்சுயோ அந்த மரக்கட்டையைப் பார்த்து விட்ட வசவை இங்கே எழுத முடியாது.

"போதும் இத்சு, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்ன இருக்கும்?" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"ஒண்ணும் இருக்காது."

"அப்புறம் எதுக்கு?"

"எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சா நிறுத்தியிருக்கமாட்டேனா? நேரா ஓட்டுங்க."

போன மாதம் ஃபுமியே வந்து வாசலில் நின்றாள். இத்சுயோவின் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். பிறகு, "மாமா, படகு ஓடுதுல்ல?" என்றாள்.

"ஓடுது. ஆனா எனக்குத் திரையப் பாக்கத் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியும். அக்கா பக்கத்துல எத்தன வருஷம் உக்காந்திருக்கேன்."

போன செவ்வாய்க்கிழமை போனோம். கடல் எண்ணெய் தடவினாற்போல் இருந்தது, இந்தக் குளிர்காலத்தில் அப்படி ஒரு நாள் வாய்த்ததே இல்லை. மீனை இறக்கினோம். திரை கறுப்பாகவே இருந்தது. தட்டினோம், அணைத்துப் போட்டோம், கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். இணைப்புக்குள் உப்பு ஏறி, கம்பியெல்லாம் பச்சையாகிக் கிடந்தது. மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை. அதையெல்லாம் அவள்தான் பார்ப்பாள். ஓட்டம் தணிந்து, நின்று, மறுபடி பிடிக்கும்வரை அங்கேயே மிதந்துகொண்டிருந்தோம். ஃபுமியே கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாய் ஓயாமல் திட்டினாள்.

புதுக் கேபிளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த மாதிரி இப்போது செய்வதில்லை என்கிறான் கடைக்காரன். தேடிப் பார்க்கிறேன் என்கிறான்.